நியூ அம்ஸ்ரர்டாம் எம்.பி.க்கு ஒரு விண்ணப்பம்

பலெர்மோ
14.9.1991

அன்புத் தங்கச்சி ஞானம்பிகைக்கு,

அண்ணன் சோதிலிங்கம் எழுதுவது. நானும் உன் மச்சாள் றோசமலரும் சுகம். உன் சுகத்தையும், அந்த இருமல் விட்டதா என்பதையும் எழுது.

விடயத்துக்கு வருகிறேன். உனக்கு இங்கே வேலை சரி. லிபெர்த்தா வீதியில் ஒரு இத்தாலியச் சிஞோரா, எழுபது தாண்டியவர், தனி ஆள். கூட இருந்து சமைத்துக் கொடுக்க ஒருவர் வேண்டும். மிளகும் கறுவாவும் என் கடையில்தான் வாங்குவார். உன்னை அழைப்பதற்குக் கையெழுத்து வைத்துவிட்டார். வெளிநாட்டவர் அலுவல் பார்க்கும் பொலிஸ் கந்தோரான குவெஸ்தூராவிலும் கதைத்துவிட்டேன். வருகிற சித்திரைக்குள் வந்து இறங்கினால் தங்குவதற்கான அனுமதி, பெர்மெஸ்ஸோ, கிடைக்கும்.

உன் மனுசன் மாஸ்ரர் மோசம் போய் மூன்று வருடமாகிறது. பிள்ளையும் இல்லை. தென் அமெரிக்காவின் ஒரு மூலையில், கயானாவில், நீ தனியே கணக்குப் படிப்பித்துக்கொண்டிருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. பெரிய ரயில் நிலையமான ஸ்தாசியோனே சென்ட்ராலே வாசலில் கடதாசிப் பெட்டியை விரித்து மிளகாய்த்தூள் விற்றவன் நான். இன்று பெரிய வீதியான வியா மக்வேதாவுக்குப் பின்னால் சொந்தக் கடை. நான் எழும்பிய ஊரில் நீயும் எழும்பலாம்.

பள்ளிக்கூடத்தில் உன்னை விடுவிக்க இழுத்தடிக்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். அதற்கு ஏன் கிளாக்கர்மாரின் வாயைப் பார்க்கிறாய்? உன் தொகுதி எம்.பி.யைப் போய்ப் பார். காலமை அவர் பல்லுத் தீட்டும்போதே பழத்தோடு வாசலில் நில். எங்கள் ஊரில் இடமாற்றம் எல்லாம் அப்படித்தானே நடந்தது.

உன் வரவை எதிர்பார்க்கும்
அண்ணன்


நியூ அம்ஸ்ரர்டாம்
20.10.1991

அன்புள்ள அண்ணாவுக்கும் மச்சாளுக்கும்,

இருமல் விட்டுவிட்டது. மழைதான் விடவில்லை. நீங்கள் இருவரும் நலமாக இருக்க வேண்டுகிறேன். அண்ணா சாப்பாட்டில் உப்பைக் குறைத்தாரா, மச்சாள்?

எம்.பி.யைப் பார்க்கச் சொன்னதை வாசித்துச் சிரித்தேன், கோபிக்க வேண்டாம். இந்த நாட்டில் தொகுதி எம்.பி. என்று ஒருவர் இல்லை. முழு நாடும் ஒரே தொகுதி. ஆளுக்கு வாக்கில்லை, கட்சியின் பட்டியலுக்குத்தான் வாக்கு. நூற்றுக்கு எத்தனை விழுகிறதோ அந்தப் பங்குக்கு ஆசனம். எந்தப் பட்டியலுக்கு எல்லாவற்றிலும் கூட விழுகிறதோ, அதன் வேட்பாளர் ஜனாதிபதி. நாட்டைப் பத்துப் பிரிவாக்கி ஒவ்வொன்றுக்கும் ஒரு சபை வைத்திருக்கிறார்கள். அந்தச் சபைகளில் இருந்தும் சிலர் பாராளுமன்றத்துக்குப் போவார்கள். ஆனால் 'இவர் எங்கட ஆள்' என்று காட்ட ஒருவரும் இல்லை. நான் பழத்தோடு யாருடைய வாசலில் நிற்பது?

வருடக் கடைசியில் தேர்தல் என்கிறார்கள். அது முடிந்தால்தான் கந்தோர்கள் வேலை செய்யுமாம். அதுவரை பொறுக்கும்படி சிஞோராவிடம் சொல்லுங்கள்.

அன்புள்ள தங்கச்சி
ஞானம்


பலெர்மோ
16.11.1991

அன்புத் தங்கச்சிக்கு,

இங்கே சுகம். உப்பைப் பற்றி எழுதி வீட்டில் சண்டை மூட்டிவிட்டாய்.

உன் கடிதம் பிந்திவிட்டது. நான் ஏற்கெனவே எம்.பி.க்கு எழுதிப் போட்டுவிட்டேன்! கடைக்கு வரும் மொரீசியஸ்காரன் பூபாலெனுக்கு நல்ல இங்கிலீஷ் தெரியும். அவனை இருத்தி, 'மேன்மை தங்கிய பாராளுமன்ற உறுப்பினர், நியூ அம்ஸ்ரர்டாம் தொகுதி' என்று தட்டெழுத்தில் அடிப்பித்தேன். என் தங்கச்சி விதவை, நல்ல நடத்தை உள்ளவள், கணக்கில் கெட்டிக்காரி, அவளைத் தாமதமின்றி விடுவித்து அனுப்பவும் என்று கேட்டேன். இப்போது பார்த்தால் அப்படி ஒரு மனிதரே இல்லை. முத்திரை வீண்.

ஆனால் ஒன்று கேட்கிறேன். கடையில் வாங்கிய சாமான் பழுது என்றால் கொண்டுபோய்க் காட்ட கல்லாவில் ஒரு முகம் வேண்டாமா? பட்டியலிடம் போய் முறைப்பாடு சொல்ல முடியுமா? அந்த முறையில் எனக்கு நம்பிக்கை இல்லை. நீ கெதியாக வெளிக்கிடு.

அண்ணன்


நியூ அம்ஸ்ரர்டாம்
19.1.1992

அன்புள்ள அண்ணாவுக்கும் மச்சாளுக்கும்,

தைப்பொங்கலுக்கு இங்கே பச்சரிசி கிடைத்தது, வெல்லத்துக்குப் பதிலாக டெமராராச் சீனி. நீங்கள் பொங்கினீர்களா?

உங்கள் முத்திரை வீண் போகவில்லை. இல்லாத எம்.பி.க்கு எழுதிய விண்ணப்பத்தைத் தபால்காரர் எங்கள் பிரிவுச் சபைக் கந்தோரில் போட்டிருக்கிறார். அங்கே கிளாக்கராக இருக்கும் கிறிகோரி வீராசாமி என்பவர் அதைக் கையில் எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கே வந்துவிட்டார். பிள்ளைகளின் முன்னால் வைத்து இங்கிலீஷில் சொன்னதைத் தமிழாக்கினால் இப்படி வரும்: "மிஸ், உங்கட அண்ணா இல்லாத ஒராளுக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். அந்த இல்லாத ஆளின்ரை சார்பில நான் வந்திருக்கிறன்." வகுப்பே சிரித்தது. எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

விடுவிப்புக்கு எந்த மேசையில் எந்தத் தாளைக் கொடுக்க வேண்டும் என்று அவரே சொன்னார். உங்கள் கல்லாக் கேள்வியையும் கேட்டேன். "மிஸ், இஞ்சை ஆக்கள் பழுதான ஒரு சாமானை மாத்த நிக்கேல்லை, முழுக் கடையையும் மாத்த நிக்கினம்" என்றார்.

தேர்தலைத் தள்ளி வைத்துவிட்டார்கள். வாக்காளர் பட்டியல் முழுக்கப் பிழை. பார்வைக்குத் தொங்கவிட்டபோது நானும் போனேன். என் பெயர் அதில் இல்லை. மோசம் போன அவருடைய பெயர் இருந்தது, தொழில் ஆசிரியர் என்று.

வேறு விசேடமில்லை.

தங்கச்சி


பலெர்மோ
22.2.1992

அன்புத் தங்கச்சிக்கு,

நாம் சுகம். பட்டியல் விடயத்தை வாசித்துவிட்டு உன் மச்சாள் சாப்பிடாமல் எழும்பினாள். நீ மனதைத் தளரவிடாதே.

யார் இந்த வீராசாமி? பெயரைப் பார்த்தால் எங்கட ஆள். பிறகேன் உன்னோடு இங்கிலீஷில் கதைக்கிறார்? பூபாலெனிடம் சொல்லிச் சிரித்தேன். "தமிழ் தெரியாத வீராசாமி என்ன வீராசாமி?" என்றேன். அவன் சிரிக்கவில்லை. "எனக்கும்தான் தெரியாது. நீங்கள் பாஷையோட கப்பலேறினீங்கள். எங்கட ஆக்களுக்கு அது கரும்புத் தோட்டத்திலயே கரைஞ்சு போச்சு. நான் காவடி எடுக்கிறதை நீ பாத்தனிதானே?" என்று இத்தாலியனில் சொல்லிவிட்டுக் காசை வைத்துப் போய்விட்டான். ஒரு கிழமை கடைப்பக்கம் வரவில்லை. வாயால் வியாபாரத்தைக் கெடுத்துக்கொண்டேன்.

சிஞோரா சித்திரை முடியும்வரைதான் பொறுப்பார். ஞாபகம் வைத்துக்கொள்.

அண்ணன்


நியூ அம்ஸ்ரர்டாம்
29.3.1992

அன்புள்ள அண்ணாவுக்கும் மச்சாளுக்கும்,

நலம். பூபாலெனிடம் மன்னிப்புக் கேட்டீர்களா?

நான் இந்த நாட்டுப் பிரசை இல்லைத்தான். ஆனால் பொதுநலவாய நாட்டில் பிறந்தவர் ஒரு வருடம் இங்கே நிரந்தரமாக வாழ்ந்திருந்தால் வாக்கு உண்டு என்று சட்டத்தில் இருக்கிறது. கிறிகோரிதான் காட்டினார். இத்தனை வருடம் இருந்தும் எனக்குத் தெரியாது. என் பெயரைச் சேர்க்க எழுதிக் கொடுத்தேன்.

அவருடைய பெயரை நீக்கவும் வேறொரு தாள் கொடுக்க வேண்டியிருந்தது. "இறந்தவரின் பெயர்?" என்று மேசையில் இருந்தவர் கேட்டார். அண்ணா, உங்களுக்குத் தெரியும்தானே, அவர் இருந்த காலத்திலும் பிறகும் அந்தப் பெயர் என் வாயில் வந்ததில்லை. பேசாமல் நின்றேன். பின்னால் வரிசையில் சனம் முணுமுணுத்தது. கிறிகோரி ஒன்றும் கேட்காமல் பேனையைத் திறந்து என் கையில் தந்தார். முதன்முறையாக அந்தப் பெயரை எழுதினேன். எழுத்து அழகாகவே வந்தது.

கிறிகோரியின் பாட்டனார் சென்னையில் கப்பலேறியவராம். இவர் மாரியம்மன் கோயிலில் பாட்டுப் படிப்பார். சொல் பிசகாது, கருத்து மட்டும் தெரியாது. ஒவ்வொரு ஞாயிறும் ஒரு பாட்டுக்கு என்னிடம் கருத்துக் கேட்கிறார். 'வேப்பிலை' என்றால் என்னவென்று சொன்னபோது ஐந்து வயதுப் பிள்ளை மாதிரி மகிழ்ந்தார்.

சிஞோராவிடம் தேர்தல் முடியும்வரை தவணை கேட்க முடியுமா?

தங்கச்சி


பலெர்மோ
2.8.1992

தங்கச்சிக்கு,

சுகமாக இருக்கிறாய் என்று நினைக்கிறேன். நான் நாலு மாதமாகப் பதில் போடவில்லை. கோபம்தான், மறைக்க என்ன இருக்கிறது? சிஞோரா பொறுத்துப் பார்த்துவிட்டு லெத்திசியா என்ற மொரீசியஸ் பெண்ணை வேலைக்கு வைத்துவிட்டார். எனக்குத் தந்த வாக்கை நீ காப்பாற்றவில்லை.

இங்கே நடந்ததை நீயும் செய்தியில் கேட்டிருப்பாய். வைகாசியில் ஒரு நீதிபதியை மாபியாக்காரர் குண்டு வைத்துக் கொன்றார்கள், ஆடியில் இன்னொருவரை. நான் கடையின் இரும்புக் கதவைப் பாதி இறக்கி வைத்துக்கொண்டு வியாபாரம் செய்தேன். ஓடி வந்த ஊரும் இப்படியென்றால் இனி எங்கே ஓடுவது என்று யோசித்தேன். அப்போது ஒரு புதுமை நடந்தது. சனம் பல்கனிகளில் வெள்ளைப் பெட்சீற்றுகளைத் தொங்கவிடத் தொடங்கியது. 'போதும்' என்று சிலதில் மையால் எழுதியிருந்தது. போர்கோ வெக்கியோவில் எங்கள் மாடிக்குக் கீழே இருக்கும் செலஸ்ரீனாவும் ஒன்றைத் தொங்கவிட்டாள். அந்த மனுசி பக்கத்து வீட்டுக்காரி வைதால்கூடக் கதவைச் சாத்துகிறவள்.

றோசமலர் எங்கள் சீற்றை எடுத்தாள். "எங்களுக்கு இஞ்சை வாக்கே இல்லை, பெர்மெஸ்ஸோவில இருக்கிறம், வாயைப் பொத்திக்கொண்டு இருப்பம்" என்றேன்.

"வாக்கில்லாட்டி என்ன, பெட்சீற் இருக்குத்தானே?" என்றாள்.

தொங்கவிட்டாள். நான் கிளிப்புப் பிடித்தேன். மறுநாள் செலஸ்ரீனா ஒரு தட்டு நிறையக் கத்தரிக்காய்ப் பொரியல் கொண்டுவந்து தந்தாள்.

உன் தேர்தல் என்னவாயிற்று?

அண்ணன்


நியூ அம்ஸ்ரர்டாம்
30.8.1992

அன்புள்ள அண்ணாவுக்கும் மச்சாளுக்கும்,

கடிதம் கண்டதில் பெரிய ஆறுதல். நான் சுகம்.

தேர்தல் ஒக்டோபர் ஐந்து. திருத்திய பட்டியலில் என் பெயர் இருக்கிறது. பள்ளிக்கூடம் விடுவிப்புக் கடிதம் தந்துவிட்டது. மழை குறைவு. மாங்காய் நல்ல விளைச்சல்.

வேறு எழுத ஒன்றுமில்லை.

தங்கச்சி


பலெர்மோ
19.9.1992

அன்புத் தங்கச்சிக்கு,

இருவரும் சுகம்.

உன் கடிதத்தை நான் மூன்று தரம் வாசித்தேன். இதற்கு முந்திய இரண்டு கடிதத்திலும் கிறிகோரி வருவார், சிரிப்பார், பேனை தருவார், பாட்டுக்குக் கருத்துக் கேட்பார். இந்த முறை மாங்காய் வந்திருக்கிறது, கிறிகோரி வரவில்லை. நான் வியாபாரி. ஒரு ஆள் நாள்தோறும் வந்து ஒரு சாமானின் விலையைக் கேட்டுவிட்டு, திடீரென்று அந்தப் பக்கம் பார்க்காமல் வேறு எதையோ தடவிக்கொண்டு நின்றால், வாங்க முடிவெடுத்துவிட்டார் என்று எனக்குத் தெரியும்.

நேராகக் கேட்கிறேன். நீ அவரைக் கலியாணம் முடிக்கப்போகிறாயா?

உன் மச்சாளிடம் சொன்னபோது விழுந்து விழுந்து சிரித்தாள். "விதவை, நல்ல நடத்தை, கணக்கில கெட்டிக்காரி எண்டு எழுதி, முத்திரையும் ஒட்டி அனுப்பின கலியாணப் புரோக்கர் நீங்கள்தானே! இப்ப ஏன் முழிக்கிறியள்?" என்றாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

என் மனதில் கிடப்பதைச் சொல்கிறேன். ஊராக்கள் கதைப்பார்கள். விதவைக்குக் கலியாணம், அதுவும் தமிழ் தெரியாத மாப்பிள்ளை என்று கதைப்பார்கள். அவர்கள் என் கடையில் அரிசி வாங்கத்தான் வேண்டும், அதை நான் பார்த்துக்கொள்வேன். எனக்குப் பயம் மனிதரைப் பற்றி இல்லை, நாட்டைப் பற்றி. எங்கள் ஊரில் வாக்குப் பெட்டி காணாமற்போன தேர்தலை நீயும் பார்த்தாய். ஒரு நாட்டை நம்பி வீடு கட்டினோம், வீடும் போயிற்று. இன்னொரு முறை என் சகோதரம் அப்படி ஒரு மண்ணில் காலை ஊன்றுவதற்கு நான் சம்மதிக்க மாட்டேன்.

ஆகவே தேர்தலை நன்றாகப் பார். தோற்றவன் வீட்டுக்குப் போகிற நாடா அது? எனக்கு அது தெரிய வேண்டும். இல்லை என்றால், இங்கே இன்னொரு சிஞோராவைப் பிடிப்பேன், நீ வந்துவிட வேண்டும்.

இரண்டு கேள்வி. இரண்டுக்கும் பதில் எழுது.

அண்ணன்


நியூ அம்ஸ்ரர்டாம்
12.10.1992

அன்புள்ள அண்ணாவுக்கும் மச்சாளுக்கும்,

நான் சுகம். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் தலைநகரில் கலவரம் என்று கேட்டுப் பயந்திருப்பீர்கள். கடைகள் உடைபட்டன, உயிரும் போனது. எங்கள் ஊர் அமைதியாக இருந்தது.

வாக்குச் சாவடி என் பள்ளிக்கூடம்தான். விடியும்போதே வரிசை. எனக்கு முன்னால் நின்ற கிழவர் வெள்ளைக் காற்சட்டைக்குக் கஞ்சி போட்டு வந்திருந்தார். நான் படிப்பிக்கும் வகுப்பறையில், கரும்பலகையில் நான் எழுதிய பின்னக் கணக்கு அழியாமல் இருக்க, அதற்குக் கீழே நின்று வாக்குப் போட்டேன். விரலில் மை வைத்தார்கள்.

முன்பு பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு தூர இடத்துக்குப் போய் எண்ணுவார்களாம். வழியில் என்ன நடந்தது என்று யாருக்கும் தெரியாதாம். இந்த முறை போட்ட இடத்திலேயே எண்ண வேண்டும் என்று சண்டை பிடித்து வாங்கியிருந்தார்கள். பெட்டி அந்த அறையை விட்டு நகரக்கூடாது. சாவடிக்குப் பொறுப்பாக இருந்தவர் எங்கள் உப அதிபர் எமிலியானா. ஆபிரிக்க வம்சம். இங்கே பெரும்பாலும் இந்திய வம்சத்தார் ஒரு கட்சி, ஆபிரிக்க வம்சத்தார் ஆண்டுகொண்டிருந்த மற்றக் கட்சி. அவருடைய மனம் எந்தப் பக்கம் என்று பள்ளிக்கூடம் முழுக்கத் தெரியும்.

நாங்கள் முற்றத்தில் நின்றோம். யன்னல் திறந்திருந்தது. எமிலியானா ஒவ்வொரு சீட்டாக விரித்து, இரண்டு கட்சி ஆட்களுக்கும் தூக்கிக் காட்டி, கட்சியின் பெயரை உரக்க வாசித்தார். உதவிக்கு இருந்த கிளாக்கர் கோடு போட்டார். மின்சாரம் நின்றது. "ஒருத்தரும் அசையப்படாது!" என்று எமிலியானா வகுப்புக்குச் சொல்கிற மாதிரியே சத்தம் போட்டார். யாரும் அசையவில்லை. காஸ் விளக்கு வந்தது, எண்ணிக்கை தொடர்ந்தது.

அவருடைய பக்கம் தோற்றுக்கொண்டிருந்தது. வாசிக்கும் குரல் ஒரு இடத்திலும் இறங்கவில்லை. முடிந்ததும் கூட்டுத்தொகையில் கையெழுத்துப் போட்டு வாசற்கதவில் ஒட்டினார். பிறகு முற்றத்துக்கு வந்து, என்னைக் கண்டு, "மிஸ், உங்கட கரும்பலகையில மூண்டாவது கணக்குப் பிழை" என்றார். உண்மைதான், அண்ணா. பார்த்தேன். பிழைதான்.

சில நாளில் புது ஜனாதிபதி பதவியேற்றார். இருபத்தெட்டு வருடம் ஆண்ட கட்சி எதிர்க்கட்சி ஆசனத்துக்குப் போகிறது. தோற்றவர் வீட்டுக்குப் போனார். புதியவர்கள் எப்படி என்று எனக்குத் தெரியாது. சண்டை தீர்ந்துவிட்டது என்றும் நான் சொல்லவில்லை. ஆனால் அன்று எமிலியானா தன் சைக்கிளை உருட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனதை நான் கண்ணால் பார்த்தேன்.

கடிதம் நீண்டுவிட்டது. தபாற்கந்தோரைச் சாத்தப்போகிறார்கள்.

தங்கச்சி
ஞானம்


பலெர்மோ
8.11.1992

அன்புள்ள மச்சான் கிறிகோரி அவர்களுக்கு,

உங்களுக்கு நான் எழுதும் முதல் கடிதம். இங்கே நானும் மனைவி றோசமலரும் சுகம். உங்களுடைய சுகத்தையும் உங்கள் வீட்டாருடைய சுகத்தையும் அறிய விரும்புகிறோம். இதைத் தமிழில்தான் எழுதுகிறேன். தங்கச்சி வாசித்துக் கருத்துச் சொல்வாள். பாட்டுக்குச் சொல்கிறவள், கடிதத்துக்கும் சொல்லட்டும்.

நான் அவளிடம் இரண்டு கேள்வி கேட்டிருந்தேன். நாட்டைப் பற்றிக் கேட்டதற்கு நாலு பக்கம் எழுதியிருக்கிறாள். உங்களைப் பற்றிக் கேட்டதற்கு ஒரு சொல்கூட இல்லை. உதவிக்கு இருந்து கோடு போட்ட கிளாக்கர் யார் என்று பெயர் எழுதவில்லை. அவள் ஒரு ஆளின் பெயரைச் சொல்ல மறுத்தால் எங்கள் குடும்பத்தில் அதற்கு ஒரே கருத்துத்தான். அது என்னவென்று அவளிடமே கேளுங்கள். சொல்லாமல் விடப் பார்ப்பாள், விடாதீர்கள்.

நான் படித்தவன் இல்லை. சனத்தைப் பார்த்து எடைபோட்டுப் பிழைக்கிறவன். வரிசையில் ஒரு பெண் பேசமுடியாமல் நிற்கும்போது கேள்வி கேட்காமல் பேனையைத் திறந்து கொடுத்த ஆளை நான் இங்கிருந்தே எடைபோட்டுவிட்டேன். உங்கள் நாட்டைப் பற்றி முழுத் திருப்தி இல்லை. எந்த நாட்டைப் பற்றித்தான் இருக்கிறது? பெட்டி அறையை விட்டு நகரவில்லை என்பது எனக்குப் போதும்.

இனிச் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். மாப்பிள்ளைக்குப் பெண் வீட்டார் மோதிரம் போடுவது எங்கள் வழக்கம். மோதிர விரலை ஒரு நூலால் சுற்றி அளந்து, அந்த நூலைக் கடிதத்துக்குள் வைத்து அனுப்புங்கள். மழைக்காலத்தில் விரல் சுருங்கும், வெயில் நாளில் அளக்கவும். மாசியில் கடையைப் பூபாலெனின் பொறுப்பில் விட்டுவிட்டு நானும் றோசமலரும் வருகிறோம். அவனும் வரத்தான் கேட்கிறான். உங்கள் மாரியம்மன் கோயில் பாட்டை அங்கே வைத்துக் கேட்க வேண்டுமாம். கடையை யார் பார்ப்பது என்று அதட்டிவிட்டேன்.

தங்கச்சி இந்த இடத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கடிதம் முடிந்துவிட்டது என்று மடிக்கப் பார்ப்பாள். முடியவில்லை. விரித்து வாசிக்கச் சொல்லுங்கள். இன்னும் ஒரு வரி இருக்கிறது:

எங்கள் வீட்டில் எல்லோருக்கும் சம்மதம்.

இப்படிக்கு,
உங்கள் மச்சான்
சோதிலிங்கம்